ருமேனியாவின் இளம் டென்னிஸ் வீராங்கனையை ஆரம்பத்திலிருந்தே பின்தொடர்வது எப்படி

டென்னிஸ் பார்ப்பவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரு புதிய ருமேனிய வீராங்கனையின் பெயர் முதன்முதலில் தெரியவருவது விம்பிள்டனிலோ பிரெஞ்சு ஓபனிலோ அவர் யாராவது பெரிய ஆளைத் தோற்கடிக்கும் அன்றுதான். அதற்கு முன்னால் நான்கைந்து ஆண்டுகள் அவர் எங்கெங்கோ ஆடிக்கொண்டிருந்திருப்பார், நாம் பார்த்திருக்க மாட்டோம். அந்த ஆண்டுகளைப் பார்ப்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம், அதை எப்படிச் செய்வது என்று தெரிந்தவரை சொல்கிறேன். வீரர்களுக்கும் இதே வழிதான், ஆனால் ருமேனியாவைப் பொறுத்தவரை கடந்த இருபது ஆண்டுகளாகப் பெண்கள் பக்கம்தான் நல்ல கதைகள் அதிகம், அதனால் உதாரணங்களைப் பெரும்பாலும் அங்கிருந்தே எடுக்கிறேன்.

முதலில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். எந்தப் போட்டியாக இருந்தாலும் பிரதான டிராவை, அதாவது யார் யாரோடு ஆடுகிறார் என்ற பட்டியலை, திறப்பதற்கு முன் தகுதிச் சுற்று டிராவைத் திறந்து பாருங்கள்.

காரணம் எளிமையானது. கிராண்ட் ஸ்லாம் போட்டியில் மகளிர் ஒற்றையர் பிரதான சுற்றில் 128 இடங்கள். 104 பேர் தரவரிசையால் நேரடியாக நுழைகிறார்கள், 16 பேர் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்கள் வென்று வருகிறார்கள், மீதி எட்டு இடங்கள் வைல்ட் கார்டு, தரவரிசை பார்க்காமல் போட்டி நடத்துபவர்கள் தாங்களே கொடுக்கும் இடங்கள். அந்த எட்டில் பெரும்பகுதியைப் போட்டியை நடத்தும் நாடு தன் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடும். ஆஸ்திரேலியா, பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் பிறந்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு 250-ஆவது இடத்தில் இருக்கும்போதே கிராண்ட் ஸ்லாம் பிரதான சுற்று கிடைக்க வாய்ப்பு உண்டு. ருமேனியாவின் கான்ஸ்டான்ட்சாவிலோ பிடெஷ்டியிலோ பிறந்தவருக்கு அது கிடையாது, அவர் மூன்று ஆட்டங்கள் வென்றுதான் வர வேண்டும்.

ருமேனியாவின் சமீபத்திய வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் இது திரும்பத் திரும்பத் தெரியும். சிமோனா ஹாலெப் முதன்முதலில் கிராண்ட் ஸ்லாம் பிரதான சுற்றில் ஆடியது 2010 பிரெஞ்சு ஓபன், தகுதிச் சுற்று வழியாகத்தான் வந்தார், முதல் ஆட்டத்திலேயே சமந்தா ஸ்டோசரிடம் தோற்றார். அலெக்ஸாண்ட்ரா துல்கெரு 2009-இல் வார்சாவில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து பட்டத்தையே வென்றார், அடுத்த ஆண்டு அதே ஊரில் மறுபடியும் வென்றார். கேப்ரியேலா ரூசேவின் முதல் டபிள்யூடிஏ (மகளிர் தொழில்முறை டென்னிஸ் சங்கம்) பட்டம் 2021 ஹாம்பர்க், அதுவும் தகுதிச் சுற்றிலிருந்து வந்ததுதான். 2024 விம்பிள்டனில் இளம் ஆன்கா தோடோனி தகுதிச் சுற்றைத் தாண்டி இரண்டாவது சுற்று வரை வந்து கோகோ காஃபிடம் தோற்றார். எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது 2013 ரோம். ஹாலெப் அப்போது உலகின் 64-ஆவது இடத்தில் இருந்தார், தகுதிச் சுற்றில் தொடங்கி, குஸ்னெட்சோவா, ரட்வான்ஸ்கா, வின்சி, யான்கோவிச் என்று வரிசையாகத் தோற்கடித்து அரையிறுதி போய், அங்கே செரீனா வில்லியம்ஸிடம் தோற்றார். அடுத்த மாதமே நூரெம்பர்க்கில் முதல் பட்டம், அந்த ஆண்டு முடிவதற்குள் மொத்தம் ஆறு பட்டங்கள். ரோமில் தகுதிச் சுற்று நடந்த அந்த வார இறுதியில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

சரி, யாரைப் பின்தொடர்வது என்று எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஜூனியர் போட்டிகளிலிருந்து தொடங்கலாம். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் நடத்தும் ஜூனியர் சுற்றில் ஜே 30, ஜே 60, ஜே 100, ஜே 200, ஜே 300, ஜே 500 என்று படிகள், அதற்கு மேலே ஜூனியர் கிராண்ட் ஸ்லாம்கள். ஜே 300-க்கு மேற்பட்ட போட்டிகளில் கால் இறுதி, அரையிறுதி தொடர்ந்து வருகிற ருமேனியப் பெயர் ஏதாவது இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பட்டத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். 2008 பிரெஞ்சு ஓபன் ஜூனியர் மகளிர் இறுதியில் ஆடிய இருவருமே ருமேனியர்கள், ஹாலெப்பும் எலெனா போக்தானும். ஒருவர் 2017 அக்டோபரில் உலகின் முதலிடத்துக்குப் போனார், 2018-இல் பிரெஞ்சு ஓபன், 2019-இல் விம்பிள்டன் வென்றார். இன்னொருவர் ஒற்றையரில் முதல் நூறுக்குள் வரவே இல்லை. அன்று அந்தக் கோர்ட்டில் இருவருக்கும் இடையில் இருந்த தூரம் ஒரே ஒரு செட்தான்.

ஆண்கள் பக்கம் ஃப்ளோரின் மெர்ஜியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-இல் விம்பிள்டன் ஜூனியர் ஒற்றையர் பட்டம் வென்றவர், ஒற்றையரில் அது வளரவில்லை. ஆனால் அவரும் ஹோரியா தெகாவும் சேர்ந்து 2002, 2003 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் ஜூனியர் இரட்டையர் வென்றிருந்தார்கள், அந்தத் திறமை போகவில்லை. தெகாவ் 2015-இல் விம்பிள்டன், 2017-இல் அமெரிக்க ஓபன் என்று ஆடவர் இரட்டையர் பட்டங்கள் வென்றார், மெர்ஜியா இரட்டையர் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்தார், 2016 ரியோ ஒலிம்பிக்கில் இருவரும் சேர்ந்து வெள்ளி வென்றார்கள். அதனால் நீங்கள் பார்க்கிற பிள்ளையின் இரட்டையர் முடிவுகளையும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள், யாரும் அதைக் கவனிப்பதில்லை.

பெயர்க் குழப்பம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஜாக்குலின் கிறிஸ்டியன் என்பவருக்குக் கிறிஸ்டியன் குடும்பப் பெயர், ஃபிலிப் கிறிஸ்டியன் ஜியானுவுக்கு அது இடையில் வரும் பெயர். ஆனா போக்தான் வேறு, எலெனா போக்தான் வேறு. ருமேனிய எழுத்துகளின் மேலும் கீழும் வரும் குறிகள் அதிகாரப்பூர்வ டிராக்களில் பெரும்பாலும் விடுபட்டிருக்கும், ருமேனியச் செய்தித்தாள்களில் இருக்கும், இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

இனி தொழில்முறைப் போட்டிகள். மகளிருக்கு ஐடிஎஃப் சுற்றில் டபிள்யூ 15, டபிள்யூ 35, டபிள்யூ 50, டபிள்யூ 75, டபிள்யூ 100 என்று ஐந்து படிகள். இந்த எண்களை நினைவில் வைப்பது எளிது, பட்டம் வெல்பவருக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளிதான் அது. டபிள்யூ 15-இல் பட்டத்துக்கு 15, இறுதியில் தோற்றால் 10, அரையிறுதிக்கு 6, கால் இறுதிக்கு 3, ஓர் ஆட்டம் மட்டும் வென்றால் 1. இதற்கு மேலே டபிள்யூடிஏ 125, பிறகு டபிள்யூடிஏ 250, 500, 1000, உச்சியில் 2000 புள்ளியுடன் கிராண்ட் ஸ்லாம்.

இந்த அடிமட்டத்தில் பணம் எவ்வளவு குறைவு என்பதைப் புரிந்துகொண்டால்தான் ஓர் இளம் வீராங்கனையின் அட்டவணை புரியும். டபிள்யூ 15 போட்டியின் மொத்தப் பரிசே 15,000 டாலர், அதை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், முதல் சுற்றில் தோற்றவருக்கு 150 டாலர் அளவில்தான் கிடைக்கும். விமானம், அறை, பயிற்சியாளர், ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் செலவு எல்லாம் இதில் எங்கே அடங்கும்? அதனால்தான் ஒரே ஊரில் வாரா வாரம் போட்டி நடக்கும் அன்டாலியா (துருக்கி), மொனாஸ்டிர் (துனிசியா), ஷார்ம் எல் ஷேக் (எகிப்து) போன்ற இடங்களுக்குப் போய் மூன்று நான்கு வாரம் தங்கிவிடுகிறார்கள், கோடையில் ருமேனியாவுக்குள்ளேயே நடக்கும் களிமண் தரைப் போட்டிகளை விடாமல் ஆடுகிறார்கள். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி நாடுகளின் கிளப் லீக்குகளில் ஆடிக் கொஞ்சம் சம்பாதிப்பவர்களும் உண்டு, அந்த ஆட்டங்கள் தரவரிசையில் வராது, அதனால் அவருடைய முடிவுகள் இருக்கும் இணையப் பக்கத்தில் வெற்றிடமாகத் தெரிகிற ஒரு வாரத்தில் அவர் சும்மா இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கக் கல்லூரி வழியில் போகிறவர்களும் இருக்கிறார்கள், கேப்ரியேலா தலபா டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் ஆடியவர்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2025 ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கே 35,000 ஆஸ்திரேலிய டாலர் கொடுத்தார்கள். அதாவது கிராண்ட் ஸ்லாம் தகுதிச் சுற்றுக்குள் நுழையும் அளவுக்குத் தரவரிசை வந்துவிட்டால், சுமார் 230-ஆவது இடத்துக்குள், ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கையே மாறிவிடுகிறது. பயிற்சியாளர் சம்பளத்துக்கு அது பெரிய உதவி. மகளிர் பிரிவில் தகுதிச் சுற்றில் மூன்றையும் வென்று பிரதான சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றாலும் 40-உம் 10-உம் சேர்த்து 50 புள்ளிகள், ஒரு டபிள்யூ 50 பட்டம் வென்றதற்குச் சமம். எனவே நீங்கள் பின்தொடரும் ஆள் 300-இலிருந்து 230-க்கு நகரும் மாதங்களைத்தான் நான் மிகக் கூர்ந்து பார்ப்பேன். 60-இலிருந்து 40-க்குப் போவதைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வயது விதியை மறக்கக் கூடாது. டபிள்யூடிஏ விதிப்படி 14 வயது நிறையும் முன் தொழில்முறைப் போட்டி ஆட முடியாது, 14 முதல் 17 வயது வரை ஆண்டுக்கு இத்தனை போட்டிகள்தான் என்ற வரம்பு உண்டு, வயது கூடக் கூட அந்த வரம்பும் கூடும், பதினெட்டு நிறைந்த பிறகுதான் கட்டுப்பாடு இல்லை. மிகச் சிறப்பாக ஆடுபவர்களுக்குக் கூடுதலாகச் சில போட்டிகள் தருவார்கள், அவ்வளவுதான். எனவே 16 வயதுப் பெண் 400-ஆவது இடத்தில் இருப்பதையும் 21 வயதுப் பெண் 400-ஆவது இடத்தில் இருப்பதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், முன்னவர் குறைந்த போட்டிகளில்தான் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறார்.

அப்புறம் தரவரிசை. அது 52 வாரக் கணக்கு, ஒற்றையரில் சிறந்த 18 போட்டிகளின் புள்ளிகள்தான் சேரும். போன ஆண்டு இதே வாரத்தில் வாங்கிய புள்ளி இந்தத் திங்கட்கிழமை கழிந்துவிடும். ஒருவர் திடீரென 40 இடம் இறங்கினால் உடனே பதறாமல் போன ஆண்டு அந்த வாரம் என்ன ஆடினார் என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கே ஒரு பட்டமோ இறுதியோ இருக்கும். நான் தரவரிசை எண்ணைவிட வேறு மூன்றைத்தான் நம்புகிறேன். தன்னைவிட நூறு இடம் மேலே இருப்பவர்களோடு எத்தனை ஆட்டம் ஆடினார், அதில் எத்தனை மூன்றாவது செட் வரை போனது, தன்னைவிடக் கீழே இருப்பவர்களிடம் எத்தனை முறை தோற்றார். முதல் இரண்டும் கூடிக்கொண்டே போய் மூன்றாவது குறைந்தால், தரவரிசை எண் இன்னும் நகராவிட்டாலும் அவர் நகர்ந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

ஹாலெப்பையே பாருங்கள். 2010-ஐ 81-ஆவது இடத்தில் முடித்தார், 2011-இல் 47, 2012-இலும் 47. அந்த இரண்டாவது 47-ஐப் பார்த்து இவ்வளவுதான் இவர் என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். 2013-ஐ 11-ஆவது இடத்தில் முடித்தார்.

மிஹைலா புசர்னெஸ்குவின் கதை இன்னும் நீளம். 2006-இல் அமெரிக்க ஓபன் ஜூனியர் இரட்டையர் வென்றவர், முழங்கால் காயங்களால் வருடக்கணக்கில் முடங்கிப்போய், இடையில் விளையாட்டு அறிவியலில் முனைவர் பட்டம் முடித்தார். ஆட்டத்தை விட்டுவிடுவார் என்ற நிலையில் திரும்பி வந்து, 2018-இல் பிரெஞ்சு ஓபன் நான்காவது சுற்று, சான் ஹோசே பட்டம், உலகின் 20-ஆவது இடம். அப்போது அவருக்கு முப்பது வயது. சொரானா கர்ஸ்டியா 2008-இல் தாஷ்கென்டில் முதல் பட்டம் வென்றார், 2009-இல் பிரெஞ்சு ஓபன் கால் இறுதி, அடுத்த ஒற்றையர் பட்டம் 2021 இஸ்தான்புல். இதனால்தான் இருபது வயதில் ஒருவர் மேல் முத்திரை குத்துவது எனக்குப் பிடிப்பதில்லை.

உள்நாட்டுப் போட்டிகளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பிப்ரவரி வாக்கில் க்ளூஜ் நகரில் டிரான்சில்வேனியா ஓபன், உள்ளரங்க ஹார்ட் கோர்ட். ஹாலெப் 2025 பிப்ரவரியில் ஓய்வை அறிவித்தது இங்கேதான். ஜூலையில் யாஷ் நகரில் களிமண் தரையில் இன்னொரு டபிள்யூடிஏ 250, மிர்ரா ஆண்ட்ரீவாவின் முதல் பட்டம் 2024-இல் அங்கே வந்தது, 2025-இல் உள்நாட்டு வீராங்கனை இரினா-கமேலியா பேகு வென்றார். ஆண்களுக்கு வசந்த காலத்தில் புக்கரெஸ்டில் சிரியாக் ஓபன். ருமேனியப் பிள்ளைகளுக்கு வைல்ட் கார்டு கிடைப்பது இந்த வாரங்களில்தான், முதன்முறையாக முதல் நூறு பேரில் ஒருவரோடு நிறைந்த அரங்கில் ஆடுவார்கள். அதில் 6-1, 6-2 என்று தோற்றால் ஏமாற்றம் வேண்டாம், அவர்கள் கையில் அதுவரை வந்திராத வேகத்தில் பந்து வருகிறது. க்ளூஜையும் யாஷையும் ஒப்பிட்டுப் பாருங்கள். களிமண்ணில் வளர்ந்தவர் உள்ளரங்க ஹார்ட் கோர்ட்டில் பின்னாலேயே நின்று ஆடுகிறாரா, அல்லது பேஸ்லைனை ஒட்டி வந்து பந்தைச் சீக்கிரம் எடுக்கிறாரா என்பது நிறையச் சொல்லிவிடும்.

நேரலை கிடைத்தால் என்ன பார்ப்பது? ஐடிஎஃப் ஆட்டங்கள் பலவற்றுக்கு ஒற்றைக் கேமரா ஒளிபரப்பு இருக்கும், வர்ணனை இருக்காது, அதுவே நல்லது. இளம் ஆட்டக்காரர்களிடம் இரண்டாவது சர்வைப் பாருங்கள். முதல் சர்வ் எல்லோருக்கும் ஒரு நல்ல நாளில் விழும், 4-4, 30-40 என்ற நிலையில் இரண்டாவது சர்வை அடித்துப் போடுகிறாரா, பயந்து தள்ளிவிடுகிறாரா என்பதில்தான் வித்தியாசம். ஹாலெப் 168 சென்டிமீட்டர் உயரம்தான், சர்வால் மட்டும் வென்றுவிட முடியாத உடல், ஆனால் எதிராளியின் இரண்டாவது சர்வைத் திருப்பி அடித்து முதல் பந்திலிருந்தே ஆட்டத்தைத் தன் பக்கம் இழுத்துவிடுவார். மோனிகா நிகுலெஸ்கு மாதிரி ஃபோர்ஹேண்டையே ஸ்லைஸ் செய்து எல்லோரையும் திணறடித்தவர்களும் அதே நாட்டில்தான் இருக்கிறார்கள், எனவே ருமேனிய ஆட்டம் என்றால் இப்படித்தான் என்ற அச்சில் யாரையும் அடைக்க வேண்டாம்.

இதை நான் மிகவும் அக்கறையோடு சொல்கிறேன்: இந்தப் பிள்ளைகளில் பலர் பதினாறு, பதினேழு வயதுக்காரர்கள். ஓர் ஆட்டம் தோற்றதும் அவர்களுடைய சமூக வலைதளப் பக்கத்தில் பந்தயத்தில் பணம் இழந்தவர்கள் வந்து கொட்டும் வசவுகளை ஒருமுறை படித்தால் மனசு கனத்துவிடும். எங்கே தங்குகிறார், எந்தப் பள்ளி, குடும்பம் யார் என்று தோண்ட வேண்டாம், ஆட்டத்தைப் பின்தொடர்ந்தால் போதும். வாழ்த்துச் சொல்லத் தோன்றினால் தோற்ற நாளில் சொல்லுங்கள்.

குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. தேதி, ஊர், தரை, போட்டியின் படி, எதிராளியின் அன்றைய தரவரிசை, ஸ்கோர், பிரதான சுற்றுக்குள் எப்படி நுழைந்தார் என்ற ஏழு கட்டங்கள் போதும். கடைசிக் கட்டத்தை நிரப்ப டிராவில் பெயருக்குப் பக்கத்தில் வரும் எழுத்துகளைப் பாருங்கள். க்யூ என்றால் தகுதிச் சுற்றில் வென்று வந்தவர், டபிள்யூசி என்றால் வைல்ட் கார்டு, எல்எல் என்றால் தகுதிச் சுற்றில் தோற்றும் யாரோ விலகியதால் உள்ளே வந்தவர், பிஆர் என்றால் நீண்ட காயத்துக்குப் பிறகு பழைய தரவரிசையைப் பயன்படுத்தி ஆடுபவர். ஒரே ஆளைப் பின்தொடராமல் ஒத்த வயதில் மூன்று பேரை வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி.

ஒருவர் பெயர் மூன்று வாரம் எங்கும் வரவில்லை என்றால் முதலில் கடைசி ஆட்டத்தின் ஸ்கோரைப் பாருங்கள், பாதியில் விலகியிருந்தால் அங்கே குறித்திருக்கும். அடுத்து, வரப்போகும் போட்டிகளின் நுழைவுப் பட்டியலைப் பாருங்கள், ஐடிஎஃப் தளத்தில் அது போட்டிக்கு முன்பே வந்துவிடும், அதில் பெயர் இருந்தால் திரும்பி வரும் வாரம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாரமும் தகுதிச் சுற்று டிராவிலிருந்தே தேடத் தொடங்குங்கள், காயத்திலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள்.